அணியும் பணியும்

கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமைகளில் சிவாலயங்கள்தோறும் சங்காபிஷேகம் நடைபெறுவது அன்பர்கள் அறிந்ததே. மண்டபத்தில் நெல்லைப் பரப்பி, அதன்மேல் 108 சங்குகளையோ 1008 சங்குகளையோ வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் நீர் நிரப்பி, மலரிட்டு, மந்திரங்களால் உருவேற்றி, அந்நீரைக் கொண்டு இறைவனுக்குத் திருமுழுக்காட்டுவர். சில தலங்களில் சங்குகளைச் சிவலிங்க வடிவிலும் திரிசூல வடிவிலும் அடுக்குவதுண்டு. நடுநாயகமாக வலம்புரிச் சங்கு இடம்பெறும். விளக்கொளியில் வெண்மை பொலியும் அந்த அடுக்கைக் கண்டு நிற்பவர்களில் பலருக்கு அது ஓர் அலங்காரமாகவே மனத்தில் பதிகிறது. குருக்கள் ஒவ்வொரு சங்காக எடுத்து இறைவன் திருமுடிமேல் கவிழ்க்கும்போதுதான், அவை அத்தனையும் நீர்ப்பாத்திரங்கள் என்பது நினைவுக்கு வருகிறது.

அழகுக்காக வைத்தவையா, பயனுக்காக வைத்தவையா என்று இச்சங்குகளைப் பற்றி ஒருவர் கேட்டால், இரண்டிற்கும் என்றே விடை கூற வேண்டியிருக்கும். திருக்கோயிலில் காணும் அணி அனைத்திற்கும் இவ்விடை பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. அதற்கு ஏற்ற இடம், சங்குக்கும் முத்துக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர்பெற்று விளங்கும் தூத்துக்குடிக் கடற்கரையே.

கலமும் காப்பும்

தமிழில் 'கலம்' என்றொரு சொல் உண்டு. உணவு உண்ணும் ஏனம் உண்கலம். கடலில் செல்வது மரக்கலம். போரில் எடுப்பது படைக்கலம். கழுத்திலும் கையிலும் பூணுவது அணிகலம். துறைமுகத்தில் நிற்கும் கப்பலையும், அதில் ஏற்றுமதியாகும் முத்தைக் கோத்த மாலையையும் இம்மொழி ஒரே சொல்லால் அழைத்திருக்கிறது. ஏதேனும் ஒரு காரியத்தை ஏற்று நிற்கும் பொருள் கலம். அவ்வாறு காரியம் ஏற்ற பொருள்களுள் ஒன்றாகவே நகையும் எண்ணப்பட்டது.

'காப்பு' என்ற சொல்லும் இத்தகையதே. கையில் அணியும் வளைக்கும் காப்பு என்று பெயர். பாதுகாவலுக்கும் அதுவே பெயர். திருவிழாவின் தொடக்கத்தில் காப்புக் கட்டுகின்றனர். கருவுற்ற பெண்ணுக்கு வளைகாப்பு நிகழ்த்துகின்றனர். கல்லால் ஆன திருமேனிக்கு எண்ணெய்க் காப்பும் சந்தனக் காப்பும் சாத்துகின்றனர். அழகு செய்வதும் காப்பதும் ஒரே செயல் என்ற எண்ணம் இவ்வழக்குகளில் உறைந்து கிடக்கிறது.

வடமொழியில் 'அலங்காரம்' என்பதும் இதையே கூறுகிறது. 'அலம்' என்றால் போதியது, நிறைவானது என்று பொருள். குறையாக இருப்பதை நிறைவாக்குவதே அலங்காரம். கொழும்பில் 1877-ஆம் ஆண்டு பிறந்து, பின்னர் அமெரிக்காவில் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கலைமேதை ஆனந்த குமாரசுவாமி, 1939-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இச்சொல்லை எடுத்து விளக்கினார். அலங்காரத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களும் தொடக்கத்தில், ஒரு பொருளை அதன் காரியத்திற்கு ஏற்றதாக ஆயத்தம் செய்தல் என்ற பொருளையே தந்தன என்றும், வெறும் மேற்பூச்சு என்ற பொருள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்றும் அவர் காட்டினார்.

அந்தப் பிற்காலப் பொருளைக் கண்டு சலித்தவர்கள் மேலைநாட்டிலேயே இருந்தனர். வடிவம் எப்போதும் பயனைப் பின்தொடர வேண்டும் என்று சிகாகோ நகரக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் 1896-இல் எழுதினார். வியன்னாவைச் சேர்ந்த அடால்ப் லூஸ் அதையும் கடந்து, அலங்காரம் ஒரு குற்றம் என்று 1910-இல் சொற்பொழிவாற்றினார். தொழிற்சாலையில் வார்த்தெடுத்த பூவேலைகளை எந்தப் பொருளின்மீதும் ஒட்டி விற்ற காலம் அது. அவருடைய சினத்திற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் ஒட்டப்பட்ட அணியைக் கண்டு வெறுத்தவர், பொருளோடு உடன்பிறந்த அணியையும் சேர்த்தே விலக்கிவிட்டார். சல்லிவன் அவ்வாறு விலக்கவில்லை. அவர் எழுப்பிய கட்டடங்களில் இலையும் கொடியுமாகச் சித்திர வேலைப்பாடு நிறைந்திருந்தது.

உடன்பிறந்த அணி எத்தகையது என்பதைச் சங்கைப் போலத் தெளிவாக எடுத்துக்காட்டும் பொருள் வேறில்லை.

கடலடியில் உருவான பாத்திரம்

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் பாறைத் திட்டுகளில் ஒட்டி வாழ்கின்றன. அத்திட்டுகளைக் கடலோடிகள் 'பார்' என்பர். சங்கு வாழ்வது பார்களை ஒட்டிய மணற்பரப்பில். மணலில் பாதி புதைந்து ஊர்ந்து, அங்குள்ள புழுக்களை உண்டு வாழும் நத்தையினம் அது. அறிவியலார் அதற்கு டர்பினெல்லா பைரம் என்று பெயரிட்டுள்ளனர். பூசையறையில் பால்வெண்மையாகக் காட்சிதரும் சங்கு, கடலில் இருக்கும்போது பழுப்பு நிறத் தோல் ஒன்றால் முற்றிலும் மூடப்பட்டிருக்கும். கரைக்கு வந்தபின் அத்தோலை நீக்கிய பிறகே வெண்மை வெளிப்படும்.

சங்கின் அழகு என்று போற்றப்படுபவை மூன்று. சுற்றிச் சுற்றி விரியும் புரி ஒன்று. ஒருபுறம் நீண்டு குவியும் மூக்குப் போன்ற பகுதி இரண்டாவது. உள்ளே நடுத்தண்டில் ஓடும் மடிப்புகள் மூன்றாவது. உயிர் வளர வளர, பழைய கூட்டை விட்டு நீங்காமல் அதன்மேலேயே இடத்தை விரித்துக்கொள்வதற்கு அமைந்த வழி அந்தப் புரி. நீண்ட மூக்கு, மணலில் புதைந்திருக்கும்போதும் தெளிந்த நீரை உள்ளிழுப்பதற்கான குழல் தங்கும் வாய்க்கால். நடுத்தண்டின் மடிப்புகள், உடலைக் கூட்டோடு பிணைக்கும் தசை பற்றிக்கொள்வதற்கான பிடிமானம். அழகு என்று வியக்கப்படும் மூன்றும் அவ்வுயிருக்குத் தேவையானவை.

இன்னும் வியப்பு, அவ்வுயிர் நீங்கிய பின்னும் அதே உறுப்புகள் வேறொரு பணியை ஏற்றுக்கொள்வது. நீரை உள்ளிழுத்த வாய்க்காலே, அபிஷேக நீர் சிதறாமல் மெல்லிய தாரையாக விழுவதற்கு வழியாகிறது. படிப்படியாக விரியும் புரியே, ஊதும் மூச்சைப் பெருக்கி முழக்கமாக்குகிறது. சிற்றுயிர் ஒன்று தன் வாழ்வுக்குச் செய்துகொண்ட வீடு, எந்த மாற்றமும் இன்றி இறைவனுக்குரிய பாத்திரமாகிவிடுகிறது.

அதனைக் கரைக்குக் கொண்டுவருவோர் சங்கு குளிப்போர். தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி ஆழ்கடலில் மூழ்கிச் சங்கெடுத்த இவர்களில் பெரும்பாலோர், இக்கரையின் பரதவர் குலத்துக் கிறித்தவர்களும் இசுலாமியர்களும் ஆவர். சிவாலயத்தில் நெல்மேல் அமரும் ஒவ்வொரு சங்கும் அவர்கள் கை தொட்டு வந்ததே. கார்த்திகைச் சோமவாரத்தில் இறைவன்முன் நிற்பவர்கள் அவர்களுடைய உழைப்பையும் நன்றியோடு நினைத்தல் தகும்.

மூன்று வகைச் சங்கு

கரைக்கு வந்த சங்கை என்ன செய்வது என்பதை அதற்கு அளிக்கப்படும் பணியே முடிவு செய்கிறது.

ஊதுவதற்கான சங்காயின், புரியின் முனையைச் சிறிதளவு அறுத்துத் துளையிட வேண்டும். அத்துளை வாய்க்கு இதமாக அமைவதற்காகப் பித்தளையாலோ வெள்ளியாலோ ஓர் ஊதுவாயைப் பொருத்துவர். பிடிப்பதற்கு வசதியாக உலோகப் பட்டை போடுவர். அந்தப் பட்டையில்தான் பொற்கொல்லர் கொடியும் மலரும் செதுக்குகிறார். பயன் கோரிய இடத்தில் மட்டுமே வேலைப்பாடு அமைகிறது. சங்கின் எஞ்சிய வெண்மையை அவர் தொடுவதில்லை.

நீர் நிரப்பும் சங்காயின், முனையை அறுக்கவே கூடாது. துளையிட்ட சங்கில் நீர் நில்லாது. ஆகவேதான் ஊதும் சங்கும் அபிஷேகச் சங்கும் பூசையில் தனித்தனியே வைக்கப்படுகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்க இயலாது. குழந்தைக்குப் பாலூட்டிய சிறு சங்கும் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் குவிந்த மூக்கு குழந்தையின் வாய்க்கு அளவாக அமைந்தது. இக்காலத்தில் பாலாடையை வெள்ளியிலும் எவர்சில்வரிலும் செய்கின்றனர். எனினும் வீடுகளில் அதற்குச் 'சங்கு' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மூலப்பொருள் மாறியபோதும், பணிக்கேற்ற அந்த மூக்கின் வடிவத்தை எவரும் மாற்றவில்லை.

மூன்றாவது, வளைக்கான சங்கு. இதனைக் குறுக்கே வளையம் வளையமாக அறுக்க வேண்டும். பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையில் இத்தொழில் சிறந்திருந்தது. சங்கை அரத்தால் அறுக்கும் தொழிலை அகநானூறு அறியும். தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளை மேற்பார்வையிட்ட ஜேம்ஸ் ஹார்னல் என்னும் ஆங்கிலேய அறிஞர், சங்கைப் பற்றி 1914-இல் வெளியிட்ட நூலில், கொற்கையிலும் காயலிலும் அறுபட்ட சங்குத் துண்டுகள் மண்ணில் கிடப்பதைக் கண்டு எழுதியுள்ளார். 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தி அவ்வூரின் தொன்மையை உறுதிப்படுத்தியது. கடல் பின்வாங்கிவிட்டதால் கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராக, வயல்களுக்கும் பனைகளுக்கும் இடையே அமைந்துள்ளது.

தமிழகத்தில் சங்கு வளை அணியும் வழக்கம் அருகிவிட்டது. வங்காளத்தில் அது அருகவில்லை. அங்கே திருமணமான பெண், வெண்சங்கு வளையையும் செந்நிற வளையையும் இரு கைகளிலும் அணிகிறாள். டாக்கா நகரில் சாங்காரி பஜார் என்ற தெருவே சங்கறுப்போர் பெயரால் விளங்குகிறது. அவர்கள் அறுக்கும் சங்குகள் நெடுங்காலமாகத் தூத்துக்குடியிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கப்பலேறிச் சென்றவை. அந்த வளை விலையால் உயர்ந்த நகை அன்று. பொன் வளைகள் பல இருந்தாலும் அவள் அதைக் கழற்றுவதில்லை. மங்கலத்தை அறிவிப்பதே அதன் பணி. அப்பணியை நோக்கும்போது பொன்னும் அதற்கு ஈடாகாது.

வளை அறுத்தபின் மிஞ்சும் துண்டுகளும் வீணாவதில்லை. அவற்றிலிருந்து மோதிரமும் மணியும் கடைவர். சித்த மருத்துவத்தில் சங்கு பற்பம் செய்வர். எஞ்சியது சுண்ணாம்புக் காளவாயை அடையும்.

எண்ணுவதற்கு ஒரு முத்துமாலை

சங்கில் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. முத்தில் அவ்வாறு தெரிவதில்லை. நீர் நிரப்பவும் உதவாது, ஊதவும் உதவாது. அழகைத் தவிர அதற்கு வேறு என்ன பணி உண்டு என்று ஒருவர் வினவக்கூடும்.

முதலில், முத்து உருவாகும் முறையை எண்ணிப் பார்க்கலாம். சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தை ஒளிரும் மெல்லிய படலத்தால் மெழுகிக்கொண்டே இருக்கிறது. மென்மையான அதன் உடல் உராயாமல் இருப்பதற்கு அம்மெழுக்கு தேவைப்படுகிறது. உடலுக்குள் அயற்பொருள் ஏதேனும் புகுந்து உறுத்தினால், அதன்மீதும் அதே படலத்தை அடுக்கடுக்காகப் பூசி மூடிவிடுகிறது. அவ்வடுக்குகளினூடே ஒளி புகுந்து மீளும்போது பிறப்பதுதான் முத்தின் நீரோட்டம். சிப்பியின் தற்காப்பே மன்னர் மார்பில் மாலையாயிற்று. 'காப்பு' என்ற சொல்லின் இரு பொருளையும் கடலடியில் சிப்பி ஒருங்கே மெய்ப்பிக்கிறது.

அடுத்து, அம்மாலை மன்னர் மார்பில் என்ன செய்தது என்பது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, பாண்டிய மன்னரின் அணிகளைப் பற்றி விரிவாகக் கூறியுள்ளார். மன்னர் கழுத்திலிருந்து தொங்கிய பட்டுக் கயிற்றில் பெரிய முத்துக்களும் மாணிக்கங்களுமாக 104 மணிகள் கோக்கப்பட்டிருந்தனவாம். அந்த எண்ணிக்கைக்கு அவர் காரணமும் குறிப்பிடுகிறார். காலையிலும் மாலையிலும் மன்னர் தம் தெய்வத்தை 104 முறை வேண்டித் துதிக்கக் கடமைப்பட்டவர். அதை எண்ணுவதற்காகவே அம்மாலை. இவ்வெண் 108 ஆக இருந்திருக்க வேண்டும் என்பது பின்னாளைய உரையாளர் கருத்து.

காண்போர் கண்ணுக்கு அது ஒரு நாட்டின் விலைபெறும் நகை. அணிந்தவர் கைக்கோ அது செபமாலை. உலகின் சிறந்த முத்துக்களுக்கு உரிமையாளரான அரசர், அவற்றுள் சிறந்தவற்றைத் தேர்ந்து, இறைவன் பெயரை எண்ணும் வேலைக்கு அமர்த்தினார். அணிக்கு இதைவிடச் சிறந்த பணியை எவரால் அளிக்க முடியும்?

அந்த முத்து வளம் இன்று நினைவாகிவிட்டது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பின் தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் இவ்வூரில் சிப்பியை வளர்த்து முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டனர். பார்கள் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

செந்திலாண்டவனின் மூன்று சாத்து

இறைவனுக்குச் சாத்தும் அணியின் பணி யாது என்ற வினா இன்னும் எஞ்சியுள்ளது. குளிரும் வெயிலும் தாக்காத பரம்பொருளுக்குப் பட்டு எதற்கு, முத்து எதற்கு, மாலை எதற்கு? இவ்வினாவிற்குத் தூத்துக்குடியிலிருந்து தெற்கே, அலைவாய்க் கரையில் அமர்ந்த திருச்செந்தூர் முருகனின் திருவிழாவே விடை தருகிறது.

ஆவணித் திருவிழாவிலும் மாசித் திருவிழாவிலும் ஏழாம் நாள் மாலையில் சண்முகப் பெருமான் சிவப்புச் சாத்தி எழுந்தருளுகிறார். செந்நிறப் பட்டும் செந்நிற மலர்களும் அணிந்த அக்கோலம் சிவபெருமானின் அம்சமாகப் போற்றப்படுகிறது. எட்டாம் நாள் அதிகாலையில் வெள்ளை சாத்தி வருகிறார். அது பிரம்மதேவரின் அம்சம். அன்று நண்பகலில் பச்சை சாத்தி வருகிறார்; அது திருமாலின் அம்சம். ஒரு நாள் பொழுதுக்குள், ஒரே திருமேனி மூன்று நிறங்களில் உலா வருகிறது. படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தொழிலும் ஒருவனிடமே ஒடுங்கும் என்ற பெரிய தத்துவம், எழுதப் படிக்க அறியாத பாட்டிக்கும் அவள் இடுப்பில் அமர்ந்த குழந்தைக்கும் சொல்லின்றியே விளங்கிவிடுகிறது. பட்டின் நிறத்தை மாற்றினால் அப்பாடம் இல்லை. அந்த அலங்காரம் இறைவனின் குறையை நிறைக்கவில்லை. காண்பவரின் அறிவிலுள்ள குறையை நிறைக்கிறது.

அணி காலத்தையும் அறிவிக்கும். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவின்போது மூலவர் முத்தங்கி அணிந்து சேவை சாதிக்கிறார். முத்தங்கியைக் கண்டவுடன், நாட்காட்டியைப் பாராமலேயே இது மார்கழிப் பெருவிழா என்று அடியார் அறிவர்.

செந்தூரில் எளிய பொருள் ஒன்றும் இதே நெறியில் அமைந்துள்ளது. அங்கே திருநீற்றைப் பன்னீர் இலையில் மடித்துத் தருவது மரபு. இலை விபூதி என்று அதற்குப் பெயர். திருநீறு சிந்தாமல் வீடுவரை கொண்டுசேர்ப்பது இலையின் பணி. அவ்விலையில் ஓடும் பன்னிரு நரம்புகளை முருகனின் பன்னிரு கைகளாக அன்பர்கள் காண்கின்றனர். பொட்டலம் கட்டும் இலையே திருவுருவமாகிவிடுகிறது. தாளில் மடித்தாலும் திருநீறு வீடு சேரும். முருகனின் கையிலிருந்தே பெற்றோம் என்ற நிறைவு சேராது.

கழுகுமலையில் நின்றுபோன பணி

கோயிற் கட்டடத்தில் சிற்பி செதுக்கிய அழகுகளும் பெரும்பாலும் ஒரு வேலையைச் செய்துகொண்டே இருப்பவை. கூரையின் விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கை, மழைநீரைச் சுவரில் வழியவிடாமல் எட்டித் தள்ளுகிறது. கருவறையின் புறத்தே அமைந்த கோமுகி, அபிஷேக நீரை வெளியேற்றுகிறது. வேலைப்பாடு மிகுதியாக அமைந்த இடத்தைக் கூர்ந்து நோக்கினால், கட்டடத்தின் தேவை ஒன்று அங்கே நிறைவேறுவதைக் காணலாம்.

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள கழுகுமலை, இதற்கு மாறான ஒரு காட்சியையும் காட்டுகிறது. அங்கே வெட்டுவான் கோயில் என வழங்கும் ஒற்றைக் கற்றளி, பாண்டியர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து உருவாக்கப்பட்டது. விமானத்தில் அமர்ந்து மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் எழிலைக் காண நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் வருகின்றனர். மேற்பகுதியின் சிற்பங்கள் நிறைவு பெற்றன. கீழ்ப்பகுதியும் கருவறையும் நிறைவு பெறும் முன்னரே வேலை நின்றுவிட்டது. காரணம் பற்றிக் கதைகள் பல வழங்குகின்றன.

அம்மலையின் அடியிலேயே கழுகாசலமூர்த்தி கோயில் கொண்டுள்ளார். குடைவரைக் கருவறையில் அமர்ந்த அம்முருகனின் சன்னிதியில் நாள்தோறும் தீபம் ஏற்றப்படுகிறது. தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் கூட்டம் பெருகுகிறது. மேலே ஈடிணையற்ற அணி. கீழே இடையறாத பணி. மேலே செல்பவர் வியந்து திரும்புகின்றனர். கீழே செல்பவர் தம் குறைகளைச் சொல்லி, மனம் தேறித் திரும்புகின்றனர். கலையின் உயர்வில் வெட்டுவான் கோயிலுக்கு எக்குறையும் இல்லை. அங்கே நிற்கும்போது நெஞ்சில் தோன்றும் ஏக்கம், அவ்வளவு அழகும் யாருக்காகச் செதுக்கப்பட்டதோ அவர் வந்து அமரவில்லையே என்பதுதான்.

கண்ணாடிப் பேழையில் சங்கு

இந்த ஏக்கத்திற்கு இடமளிக்கும் நிலை இன்று பல இல்லங்களிலும் காணப்படுகிறது. பூசையறையில் வெள்ளிப் பூண் போட்ட சங்கு கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அதில் ஒரு நாளும் நீர் நிரப்பப்படுவதில்லை. ஊதுவதற்கு வீட்டில் எவரும் பழகவில்லை. சில திருக்கோயில்களில், பூசை வேளையில் மின்மோட்டாரால் இயங்கும் முரசும் மணியும் முழங்குகின்றன; சங்கு ஊதும் பணியாளரின் இடம் வெறுமையாக உள்ளது. ஒலி கேட்கிறது, ஒருவருடைய மூச்சு இறைவனுக்குக் காணிக்கையாவது நின்றுவிட்டது. பணி நீங்கிய சங்கு, நாளடைவில் விலையால் மட்டுமே மதிக்கப்படும் பொருளாகிறது.

அங்கேதான் ஏமாற்றுக்கும் வழி பிறக்கிறது. மன்னார் வளைகுடாச் சங்குகளில் மிகப் பெரும்பாலானவை இடம்புரியே. புரி மாறி வளரும் வலம்புரி மிக அரிது. அதனை வைத்திருந்தால் செல்வம் பெருகும் என்ற நம்பிக்கையைப் பயன்படுத்தி, அமெரிக்கக் கடலோரங்களில் கிடைக்கும் வேறொரு நத்தையின் கூட்டை வலம்புரி என்று கூறிப் பெருந்தொகைக்கு விற்போர் உள்ளனர். அவ்வினத்தில் இயல்பிலேயே புரி அத்திசையில்தான் அமையும். அதில் அருமை எதுவும் இல்லை. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது என்று விற்பவர் காட்டுவார். உள்ளே வெற்றிடம் கொண்ட எந்தக் கூடும், சுற்றுப்புறத்து ஓசையை வாங்கி அவ்வாறே முழங்கும்.

உண்மையை அறிய ஒரு வழி உண்டு. வாய்ப்புறத்தில் உள்ளே நோக்கினால், மெய்யான சங்கின் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரம்பு கட்டியதுபோல் தெளிவாகத் தெரியும். உயிரோடிருந்த காலத்தில் தசை பற்றிக்கொண்ட இடம் அது. அயல்நாட்டுக் கூட்டில் அம்மடிப்புகள் அமைவதில்லை. புறத்தே தோன்றும் வெண்மையும் புரியும் ஏமாற்றலாம். பணி செய்த உறுப்பு ஏமாற்றாது. அப்பரிசோதனைக்குப் பின்னும் ஐயம் இருப்பின் பணத்தைக் கொடாதிருத்தலே நன்று. இடம்புரிச் சங்கில் எடுக்கும் தீர்த்தமும் இறைவனுக்கு உகந்ததே. 108 சங்குகளுள் 107 அவ்வகையினவே அல்லவா?

கடலையும் கருத வேண்டும். சங்கு இடும் முட்டைத் தொகுதி, ஆட்டுக்கொம்பு போல முறுகிய உறைகளாக மணலில் ஊன்றி நிற்கும். குளிப்போர் அதனைச் சங்குப் பூ என்பர். அதிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைவு செல்வதில்லை. பிறந்த இடத்திலேயே ஊர்ந்து வளர்கின்றன. ஓரிடத்துச் சங்குகளை முற்றிலும் வாரிவிட்டால் அவ்விடம் மீண்டும் நிறைய நெடுங்காலம் ஆகும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது, இத்தகைய உயிர்களைக் காக்கும் நோக்கத்தோடுதான். பேழையில் வைப்பதற்கென்று வாங்கப்படும் ஒவ்வொரு சங்கும் அந்தக் கடலின் இருப்பிலிருந்து எடுக்கப்படுவதே.

ஆகவே, திருக்கோயிலுக்கு உபயம் செய்ய விழைவோரும், இல்லத்தில் பூசைப் பொருள் வாங்குவோரும் ஒரு கேள்வியை முன்வைத்துக் கொள்ளலாம்: இது என்ன பணி செய்யும்? கவசம் சாத்த எண்ணுவோர், அது எந்த நாளில் எந்தக் கோலத்திற்குப் பொருந்தும் என்பதை அர்ச்சகரிடம் கேட்டறியலாம். சங்கு அளிக்க எண்ணுவோர், கார்த்திகைச் சோமவாரத்திற்குச் சங்குகள் போதுமானவையாக உள்ளனவா, ஊதும் சங்கின் ஊதுவாய் பழுதுபட்டுள்ளதா என்று விசாரிக்கலாம். சங்கு ஊதுபவருக்கு மாத ஊதியம் கிடைக்க வழிசெய்வது, புதிய வெள்ளிப் பூணைவிட மேலான உபயம்.

இல்லத்தில் பேழைக்குள் சங்கு இருப்பின், முனை அறுபடாததாயின், வரும் திங்கட்கிழமை அதனை வெளியே எடுத்து, கழுவி, நீர் நிரப்பி, ஒரு வில்வமோ துளசியோ இட்டு, வீட்டுப் பூசையில் வைக்கலாம். அந்நீரைக் குழந்தையின் கையாலேயே தெய்வத் திருவுருவின் பாதத்தில் வார்க்கச் செய்யலாம். அடுத்த கார்த்திகையில் சிவாலயத்தில் நெல்மேல் அமர்ந்த 108 சங்குகளைக் காணும்போது, அவை எதற்காக இருக்கின்றன என்று அக்குழந்தைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிராது.